சுவர் குடித்த மூச்சு

சுயம்புக்கனி கல்யாணமாகிச் சாம்பத்தேரிக்குள் முதல் கால் வைத்த காலையில், ஊருக்கு மேற்கே ஏதோ ஒரு பெரிய உடம்பு நெடுநாள் அடக்கி வைத்திருந்த மூச்சை ஒரேயடியாக விட்டது போல ஒரு சத்தம் எழுந்தது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீர் நடுங்கியது, வேம்பிலிருந்து காகங்கள் கலைந்து பறந்தன, பத்தொன்பது வயதுக் கனி பயந்துபோய்ப் பக்கத்தில் நின்ற பழக்கமில்லாத ஆளின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஆள், அவள் புருஷன் தவசிமுத்து, குனிந்து அவள் காதுக்குள் தன் முதல் வார்த்தையைச் சொன்னார்: "ஒன்னுமில்ல. பாய்லரு மூச்சு வுடுது."

அந்தப் பாய்லரோடு தவசிமுத்து முப்பத்துநான்கு வருடம் வாழ்ந்தார். தன்னோடு வாழ்ந்ததைவிட அதனோடுதான் கூடுதல் நேரம் வாழ்ந்தார் என்று கனி யாரிடமும் சொல்வாள். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி இரவும் பகலும் புகையை வானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது, சாம்பல் ஊர் முழுக்க இறங்கி, செம்மணல் தேரியின் மேல் படிந்து, ஊருக்கு அந்தப் பெயரையே வாங்கிக் கொடுத்தது. அப்படி இறங்கியதில் ஒரு பங்கு தவசிமுத்துவின் நெஞ்சுக்குள்ளும் குவிந்தது. அவர் நெஞ்சு நிறைந்த அதே வருடத்தில் நிலையத்தையும் மூடினார்கள். உப்பளத்துக்கு அப்பால் வெள்ளைக் காத்தாடிகள் வரிசையாக எழுந்தன, பழைய சாம்பல் குளத்தை சோலார் தகடுகள் பாய் விரித்தாற்போல மூடின, ஊரில் விளக்கு முன்பு போலவே எரிந்தது, புகை மட்டும் இல்லை. கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி சாயங்காலமும் வெள்ளையாகவே இருப்பதைப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்டுக் காட்டினார்கள்.

பிறகு திட்டக்காரர்கள் வந்தார்கள். நிரஞ்சனா என்ற அதிகாரி, நடுவயதுக்காரி, நல்ல மனுஷி, சமுதாயக் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினாள். புதுப் புகை நின்றுவிட்டது, ஆனால் பழைய புகை எங்கும் போய்விடவில்லை, மேலேதான் இருக்கிறது, அதைத் திரும்ப இறக்கி எங்காவது பூட்டி வைக்க வேண்டும் என்றாள். பூட்டுவதற்கு ஒரு சுண்ணாம்பு கொண்டு வந்திருந்தாள். சுவரில் பூசினால் அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் குடித்துக் கல்லாகும், குடிக்கக் குடிக்கச் சுவர் மயிரிழை அளவு தடிக்கும், அவ்வளவுதான். "வெளிச்சுவருக்கு மட்டும். ஒரே ஒரு பூச்சு. வெறும் தண்ணியில கலந்தா போதும்," என்று மூன்று தடவை சொன்னாள்.

ஆனால் பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. சாம்பத்தேரியில் வெளிச்சுவருக்கு மட்டும் வெள்ளையடித்து உள்சுவரை விடுவது அந்த வருடம் சாவு விழுந்த வீடு என்பதற்கு அடையாளம். உயிரோடிருக்கிற எல்லோரையும் வைத்துக்கொண்டு எந்தப் பெண் அப்படிச் செய்வாள்? அதனால் உள்ளேயும் பூசினார்கள். வெறும் தண்ணீரில் கலந்த சுண்ணாம்பு சுவரில் நிற்காது, உதிர்ந்து சோற்றில் விழும் என்பது அந்த ஊர்க் கொத்தனார்களின் தீர்மானம். ஆகவே அய்யாத்துரைக் கொத்தனார் தன் வழக்கப்படி கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிப் பாகும் விட்டு, மூன்று நாள் புளிக்க வைத்து, கையால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "இப்பம் சரி," என்ற பிறகுதான் வெள்ளையடிக்கும் மட்டையைத் தொட்டார். அப்படியாகச் சாம்பத்தேரியின் நூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் அந்தப் பொங்கலுக்கு உள்ளும் புறமும் பாலாக நின்றன.

மாசி மாதம், இட்லிக்கடை ஜெபமாலைதான் முதலில் கண்டாள். அவள் கனிக்குப் பக்கத்து வீடு. நாட்காட்டி மாட்டியிருந்த ஆணி சுவருக்குள் போயிருந்தது. அடுத்த வாரம் நாட்காட்டியும் போயிற்று, மாசி பதினாறாம் தேதியோடு. அவள் வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"மதினி, ஒங்க வீட்டுச் சுவரு எப்பிடி இருக்கு?"

"எப்பிடி இருக்கும், நின்னுக்கிட்டுத்தான் இருக்கு."

"எங்க வீட்ல நடந்து வருது."

கனி உள்ளே போய் விரலை வைத்து அளந்தாள். சுவிட்சுப் பலகை முகம் மட்டும் தெரியும்படி அமிழ்ந்திருந்தது. மாமனாரின் படம் கண்ணாடிவரை போய்விட்டிருந்தது, மாலையின் பாதி மட்டும் சுவரிலிருந்து முளைத்தது போல வெளியே தொங்கியது. அவள் சந்தன டப்பாவை எடுத்து, மாமனார் இருந்த இடத்தில் சுவருக்கே ஒரு பொட்டு வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

வாரத்துக்கு ஒரு விரற்கடை என்று பிற்பாடு கணக்குத் தெரிந்தது. சுவர்கள் வீட்டிலிருப்பவர்களின் மூச்சைக் குடித்து உள்நோக்கி வளர்ந்தன. ஆள் அதிகமுள்ள வீட்டில் வேகமாகவும், தனியாள் வீட்டில் மெதுவாகவும், பேச்சு உள்ள வீட்டில் எல்லாவற்றையும்விட வேகமாகவும் வளர்ந்தன. ஒரு சாயங்காலம் கிழக்குத் தெருவில் ஒரு வீட்டு அக்காளும் தங்கையும் ஒரு அண்டாவுக்காகச் சண்டை போட்டு முடிப்பதற்குள் கூடம் ஒரு சாண் சுருங்கிவிட்டது, அண்டா எந்தக் கதவிலும் நுழையாமல் இருவருக்கும் இல்லாமல் போயிற்று. வடக்குத் தெருவில் ஒரு கிழவர் இறந்தபோது, பெண்கள் வழக்கம்போல உள்ளே வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். பிணத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வெளியே ஓடிவர வேண்டியதாயிற்று, மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டுத் திரும்பியபோது அந்த அறை இல்லை, அறை இருந்த இடத்தில் வழவழவென்று வெள்ளைக் கல்தான் இருந்தது.

ஊர் இதற்கும் பழகிற்று, சாம்பலுக்குப் பழகியது போலவே. சண்டையைத் தெருவுக்குக் கொண்டு வந்தார்கள், அதனால் எல்லோர் சண்டையும் எல்லோருக்கும் தெரிந்தது, தெரிந்ததால் பல சண்டைகள் பாதியில் சிரிப்பாக முடிந்தன. குறட்டை விடுகிறவர்களை உப்பளத்து வரப்பில் பாய் போட்டுப் படுக்கச் சொன்னார்கள். அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்மார் கடற்கரைவரை நடந்தார்கள். மாதா கோவில் பாடகர் குழு சோலார் தகடுகளின் நிழலில் உட்கார்ந்து பாட்டுப் பழகியது. வளைகாப்பை ஏழாம் மாதத்திலிருந்து ஐந்தாம் மாதத்துக்கு மாற்றினார்கள், ஏழாம் மாதத்தில் வயிறு வாசலில் நுழைவது உறுதியில்லை. கட்டில்களை அறுத்தார்கள், அலமாரிகளை வேப்பமரத்தடியில் வைத்தார்கள், பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்க்கும் முன் சுவரைப் பார்த்து, "பேச்சுக் கொறவான குடும்பந்தான்," என்று தலையாட்டினார்கள். உளி வைத்துச் செதுக்கிப் பார்த்தவர்களும் உண்டு. செதுக்கிய இடம் வெட்டிய நகம் போல மறுநாளே இரட்டிப்பாக வளர்ந்தது, அதோடு அந்த யோசனையும் நின்றது. பலர் சாமான்களை எடுத்துக்கொண்டு, திட்டக்காரர்கள் கட்டிக்கொடுத்த தகரக்கூரைக் குடியிருப்புக்குப் போனார்கள். போகும்போது திரும்பி நின்று வீட்டைப் பார்த்துவிட்டு, ஏதாவது சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று மூடிக்கொண்டார்கள்.

கனியும் போயிருப்பாள். நாகர்கோவிலில் மகள் செந்தாமரை இருந்தாள், வாம்மா வாம்மா என்று தினமும் போனில் கூப்பிட்டாள். ஆனால் உள்ளறையில் தவசிமுத்து படுத்திருந்தார்.

அவர் பெரிய உடம்புக்காரர். நெஞ்சில் சாம்பல் நிறைந்த பிறகு நடக்க முடியாமல் உடம்பு இன்னும் பெருத்தது. ஆறு வருடமாக மூன்று தலையணையில் சாய்ந்து, மூக்கில் ஆக்சிஜன் மெசின் குழாயோடு, உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். சுண்ணாம்பு பூசிய நாலாம் நாள் காலையில் கனி காப்பியோடு உள்ளே போனபோது, அவர் தலையணைகளைக் கீழே தள்ளிவிட்டு, குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, கல்யாணமான புதிதில் தூங்குவது போல மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பயந்து உலுக்கினாள்.

"என்னளா?"

"மெசின ஏன் கழத்துனிய?"

"தேவயில்ல. இந்த ரூமுல காத்து புதுசா இருக்கு. நான் வுடுத மூச்ச இந்தச் சுவரு வாங்கிக்கிடுது பாத்துக்கோ. எனக்கு நல்லத மட்டும் வச்சிட்டுப் போவுது."

அது உண்மைதான். அந்த அறையில் அவர் உதடு சிவந்தது, காலில் வீக்கம் வடிந்தது, பழங்கதையெல்லாம் பேசினார், பேசப் பேச அறை சுருங்கியது. பங்குனியில் அய்யாத்துரைக் கொத்தனாரும் இன்னும் மூன்று பேரும், பொறுப்பு தங்களுடையது என்ற குற்ற உணர்ச்சியில், அவரைக் கட்டிலோடு தூக்கித் தெருவுக்குக் கொண்டு வந்தார்கள். வேப்பமரத்தடி போவதற்குள் அவர் உதடு நாவல்பழம் தின்றவர் போல நீலமாயிற்று, கண் மேலே செருகியது. மெசினை வைத்தும் நிற்கவில்லை, அந்த அறைக் காற்றுக்கே நெஞ்சு பழகிப்போயிருந்தது. "உள்ள... உள்ள கொண்டு போங்கல," என்றார், உள்ளே கொண்டுபோனார்கள், சுவர்கள் குடித்தன, அவர் பிழைத்தார்.

அதன்பின் கணக்கு எளிதாக இருந்தது. வெளியே வந்தால் மூச்சு நிற்கும், உள்ளே இருந்தால் அறை மூடும்.

நிரஞ்சனா மாதத்துக்கு ஒருமுறை எஃகுக் கம்பியோடு வந்து அளந்தாள். "இந்த மாவட்டத்துலேயே உங்க ஊர்தாம்மா அதிகமா பூட்டியிருக்கு. ஒரு காடு செய்யுற வேலைய இந்த ஒரு ஊர் செய்யுது," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பெருமையும் இருந்தது, தூக்கமில்லாத கண்ணும் இருந்தது.

"எங்க வீட்டுக்காரரு வெளிய வர ஒரு வழி சொல்லுங்கம்மா," என்றாள் கனி.

நிரஞ்சனா கம்பியை மடியில் வைத்துக்கொண்டு சுவரை ஒரு தரம் தடவினாள். "சுவர் மேல தப்பு இல்லம்மா. அதை என்ன செய்யச் சொன்னோமோ அதைத்தான் செய்யுது. எங்க நிறுத்தணும்னு நாங்க அதுக்குச் சொல்லல."

வழியைக் கனியே கண்டுபிடித்தாள், பித்தளைச் செம்பு தேய்க்கும்போது. புளித்தண்ணீர் தெறித்த இடத்தில் சுவர் நுரைத்தது, நுரைத்த இடத்தில் பட்டாணி அளவு பள்ளம் விழுந்தது, மறுநாள் பார்த்தால் பள்ளம் பள்ளமாகவே இருந்தது. கனி ஒரு கிண்ணம் புளியைக் கரைத்துக்கொண்டு உள்ளறை வாசலுக்கு ஓடினாள், நிலைப்படியின் இருபக்கமும் துணியால் தோய்த்துத் தோய்த்துத் தேய்த்தாள், சுவர் பால் பொங்குவது போலப் பொங்கி வழிந்தது. அப்போது அறைக்குள் தரையில் ஏற்றி வைத்திருந்த விளக்கு, காற்றே இல்லாமல், யாரோ விரலால் நசுக்கியது போல அணைந்தது. திரும்பிப் பார்த்தாள். தவசிமுத்து மீனைப் போல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். சுவர் தான் குடித்ததையெல்லாம் அவர் மேலேயே திருப்பிக் கொட்டிக்கொண்டிருந்தது. கனி புளியைத் தூக்கி எறிந்துவிட்டு முந்தானையால் விசிறு விசிறென்று விசிறினாள், அவர் பிழைத்தார், ஆனால் அரைநாள் ஆயிற்று.

"நான் மேல அனுப்புனதுதான் இப்பம் என்னைத் தேடி வந்திருக்கு," என்றார் அவர், பேச முடிந்தபோது. "எத்தன டன்னு. அட்ரஸ் மாறாம வந்திருக்கு பாரு."

"சிரிக்காதிய. சுவரு வளருது."

அன்றைக்குத்தான் அவர்கள் கச்சானை நம்புவது என்று முடிவு செய்தார்கள். மேற்கேயிருந்து மலை இடுக்கு வழியாக வருகிற கச்சான் காற்று வைகாசிக் கடைசியில் இறங்கும், இறங்கினால் காத்தாடிகள் எல்லாம் மூன்று மாதத்துக்கு ஓயாது சுற்றும், ஊரில் ஒரு காகிதம் தரையில் கிடக்காது. அந்த மாதங்களில் மட்டும் தவசிமுத்து எப்போதுமே வெளியில் நன்றாக மூச்சு விடுவார். கச்சான் வந்தால் ஜன்னலையும் முன்கதவையும் திறந்துவைத்துப் புளியை ஊற்றலாம், சுவர் விடுவதைக் காற்று வாரிக்கொண்டு போய்விடும், வாசல் அகலமாகும், அவர் வெளியே வருவார், வெளியே காற்று இருக்கும். இதைவிட நேரான வழி வேறில்லை. வைகாசிக் கடைசிவரை வாசல் திறந்திருக்க வேண்டும். வாசல் திறந்திருக்க வேண்டுமானால் அவர்கள் பேசக்கூடாது.

சாம்பத்தேரியிலேயே அதிகம் சண்டை போட்ட தம்பதி அவர்கள். முப்பத்தெட்டு வருடம், உப்பு கூடியதற்கும் குறைந்ததற்கும், மகளை இஞ்சினியருக்குக் கொடுத்ததற்கும், பாய்லருக்கும், மழைக்கும் சண்டை போட்டவர்கள். அவர்கள் வாயை மூடினார்கள். அவர் கட்டில் ஓரத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் இருந்தன. ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் மூத்திரப் பாத்திரம் வை. மூன்று என்றால் வந்து பக்கத்தில் உட்கார். நான்கு தட்டு என்றால் என்ன என்று அவர்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் சில மத்தியானங்களில் அவர் நான்கு தட்டுவார், அவள் அடுக்களையில் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, கிடைத்த பாத்திரத்தில் நான்கு தட்டுவாள், இரண்டு பேரும் அவரவர் இடத்திலேயே இருப்பார்கள்.

வைகாசி முடிந்தது. காத்தாடிகள் அசையவில்லை. கனி காலையில் எழுந்ததும் கோலப்பொடியோடு வாசலில் நின்று மேற்கே பார்ப்பாள், மூன்று வெள்ளை இறக்கைகளை விரித்துக்கொண்டு அவை நேற்று நின்ற இடத்தில் நேற்று நின்ற மாதிரியே நிற்கும். ஆனி பிறந்தது, ஆனி முடிந்தது. வயதானவர்கள் யாருக்கும் இப்படி ஒரு வருடம் நினைவில்லை. உள்ளறை ஜன்னல் ஒரு பொட்டளவாகி, பிறகு மூடிக்கொண்டது. வாசல் இரண்டு சாண், ஒன்றரைச் சாண். கனி பக்கவாட்டில் நுழைந்தாள், மூச்சை வெளியே விட்டுவிட்டு நுழைந்தாள், தாலிச்சரட்டைக் கழற்றி முடியில் செருகிக்கொண்டு நுழைந்தாள்.

"மதினி, நீங்க சாப்பிடுதியளா இல்லயா?" என்றாள் ஜெபமாலை, தெருவில் நிறுத்தி வைத்து.

"சாப்பிடுதேன்."

"பொய். வச்ச இட்லி வச்ச மாதிரி இருக்கு. கண்ணாடியில பாத்தியளா? கொடிக்கம்பு மாதிரி ஆயிட்டிய."

"பெருத்தா வாசல்ல போவ முடியாதுல்லா."

ஜெபமாலை அவள் மணிக்கட்டைப் பிடித்து விரல்களால் சுற்றிப் பார்த்தாள். பிறகு, "அண்ணனுக்கு இது தெரியுமா?" என்றாள்.

"அவருக்கு எதுக்கு?"

தவசிமுத்துவுக்குத் தெரியும். முப்பத்துநான்கு வருடம் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே இருந்த கண் அது, முள் மயிரிழை நகர்ந்தாலும் பிடித்துவிடும். அவள் கன்னம் ஒட்டுவதையும், வளையல் முழங்கைவரை ஏறுவதையும், உள்ளே வருகிற ஒவ்வொரு தடவையும் வாசலில் அவள் ஒரு கணம் கூடுதலாக நிற்பதையும் அவர் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடி மூன்றாம் தேதி மத்தியானம் அவள் கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள், ஊட்டினாள், வாயைத் துடைத்தாள், திரும்பிப் போகும்போது வாசலில் மாட்டிக்கொண்டாள். முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. நெஞ்செலும்பை ஒரு சுவரும் முதுகெலும்பை ஒரு சுவரும் பிடித்திருந்தன, அவள் விடுகிற குட்டி மூச்சை இரண்டும் குடித்தன. அவள் கத்தவில்லை. கத்தினால் வளரும். அரைமணி நேரம் அப்படியே நின்றாள், தவசிமுத்து பார்த்துக்கொண்டே இருந்தார், எழுந்து ஒரு கை கொடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டே இருந்தார், கடைசியில் அவர் டம்ளரை எடுத்து எண்ணிக்கையில்லாமல் தட்டோ தட்டென்று தட்ட, ஜெபமாலை ஓடிவந்து, நல்லெண்ணெயை அவள் தோளில் ஊற்றி, வெளியே இழுத்தாள். ஒரு விலா முறிந்திருந்தது.

மறுநாளும் கனி வந்தாள். எண்ணெய் தடவிக்கொண்டு, சேலையை உருவிப் போட்டுவிட்டு உள்பாவாடையோடு, பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். அவர் மூன்று தட்டினார். அவள் உட்கார்ந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவர் வாயைத் திறந்தார், கிசுகிசுப்பாக.

"இனிமே வராத."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"ஒரு நாளு உள்ள வந்துட்டு வெளிய போவ முடியாம ஆயிரும்ளா."

"ஆனா ஆவட்டும்," என்றாள் அவளும் கிசுகிசுப்பாக. "எத்தன நாளு நீங்க ராத்திரி ஷிப்டு போனிய, நான் ஒத்தயில கெடந்தேன். இப்பம் ஷிப்டு ஒன்னுதான்."

அவர் அவளைப் பார்த்தார். சுவர் ஒரு நூலளவு வளர்ந்ததை இரண்டு பேரும் பார்த்தார்கள். அவர் சிரித்தார்.

"சரி. கச்சான் இன்னிக்கோ நாளைக்கோ வந்துரும். புளி எவ்வளவு இருக்கு?"

"ஒரு பானை."

"போதாது. ஜெவமாலைட்ட கேளு, அய்யாத்துரைட்ட கேளு, வீடு வீடாக் கேளு. காத்து வாரப்பம் கையில இருக்கணும். போ. இப்பமே போ."

அவர் குரலில் பழைய ஷிப்டுக் கண்டிப்பு இருந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது. எண்ணெய்த் தோளோடு வாசலில் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தாள், சேலையைச் சுற்றிக்கொண்டாள், தெருவில் இறங்கினாள். நாலு வீடு தாண்டியிருக்க மாட்டாள், பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

கிசுகிசுப்பல்ல. பாய்லர் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய, அந்த ஊரே ஒரு காலத்தில் கேட்ட, முழுக்குரல்.

"ஏளா கனி! ஒனக்குக் கொழம்பு வைக்கத் தெரியாது! முப்பத்தெட்டு வருசமா உப்பு தெரியாது ஒனக்கு!"

கனி ஓடிவந்தாள். வாசல் ஒரு சாணுக்குக் குறைந்திருந்தது.

"வாய மூடுங்க! ஐயோ, பேசாதிய!"

அவர் நிறுத்தவில்லை. உப்பைப் பற்றிச் சொன்னார், மாமியாருக்கு அவள் எதிர்த்துப் பேசிய தீபாவளியைப் பற்றிச் சொன்னார், அவள் சொன்னதுதான் சரி என்று அன்றைக்கே தனக்குத் தெரியும் என்றார், செந்தாமரை பிறந்தபோது இரட்டை ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னது பொய், ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து பயத்தில் திரும்பிப் போய்விட்டேன் என்றார், முதல் நாள் அவள் வேட்டி நுனியைப் பிடித்ததைச் சொன்னார், பிறகு முப்பத்துநான்கு வருடத்து அழுத்த அளவுகளை நாள் வாரியாகச் சொல்ல ஆரம்பித்தார், மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். கனி முழங்கையை விட்டாள், முழங்கை நுழைந்தது. கையை விட்டாள், கை நுழைந்தது. மூன்று விரலை விட்டாள். அதற்குள்ளிருந்து அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "போளா. மவ வீட்டுக்குப் போ. போய்த் தின்னு." அவள் விரலை உருவிக்கொண்ட இடத்தில் சுவர் கூடிக்கொண்டது.

அவள் காதைச் சுவரில் வைத்தாள். சாயங்காலம் வரையில் முனகல் போல ஏதோ வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. நின்ற பிறகு நான்கு தட்டு கேட்டது. கனி சுற்றும் முற்றும் பார்த்தாள், பாத்திரம் எதுவும் கைக்கு எட்டவில்லை, நெற்றியாலேயே சுவரில் நான்கு தடவை முட்டினாள்.

மூன்றாம் நாள் விடியும்போது காத்தாடிகள் சுற்றின. கச்சான் கதவுகளை அறைந்துகொண்டு ஊருக்குள் இறங்கியது, கொடிகளில் இருந்த துணியெல்லாம் கிழக்கே பறந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் புளிப்பானைகளோடு வந்தார்கள், தகரக்கூரைக் குடியிருப்பிலிருந்தும் வந்தார்கள், நிரஞ்சனா இரண்டு வாளி தூக்கிக்கொண்டு வந்தாள். முன்கதவையும் பின்கதவையும் திறந்து வைத்து ஊற்றினார்கள். உள்ளறைச் சுவர் நுரைத்துப் பொங்கி, உஸ்ஸென்று ஒரு நீண்ட சத்தத்தோடு தான் வைத்திருந்ததை விட்டது, காற்று அதை வாரிக்கொண்டு உப்பளத்தின் மேல் போனது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கனி பக்கத்தில் நின்ற ஜெபமாலையின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு முழம் கரைந்தது, சுவர்தான் இருந்தது. இரண்டு முழம் கரைந்தது, சுவர்தான் இருந்தது. ஊரில் புளி தீர்ந்தபோது உள்ளே டம்ளரின் விளிம்பு மட்டும், வெள்ளைக் கல்லில் பிறை போல, தெரிந்தது. அதற்கு அப்பாலும் கல்தான்.

அய்யாத்துரைக் கொத்தனார் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, அதன் பிறகு எந்த வீட்டுக்கும் பூசப் போகவில்லை. நிரஞ்சனா எஃகுக் கம்பியால் அந்தச் சுவரை மட்டும் அளக்காமல் போனாள்.

சுயம்புக்கனி அந்த ஆடியிலேயே நாகர்கோவிலில் மகள் வீட்டுக்குப் போனாள். அங்கே இரண்டு ஜன்னல் வைத்த ஓர் அறையில், கதவைச் சாத்தாமல், ஒன்பது வருடம் இருந்தாள், மூன்று வேளையும் சாப்பிட்டாள், மிகக் குறைவாகப் பேசினாள், ஒரு ஐப்பசி மாதத்தில் காய்ச்சல் கண்டு இறந்தாள்.